இருபத்து மூன்றாவது நகல்

"ஹலோ... ஹலோ! தம்பியா?... ஆமா, அக்காதான். கத்தாத, நல்லாவே கேக்குது... ஆமா, ஆமா, முழுசாத்தான் இருக்கேன். கை கால் எல்லாம் அததோட எடத்துல இருக்கு... இல்லடா, ஸ்டேஷன் இல்ல. ஷட்டில் ஆடற உள்ளரங்கம். வேன்ல ஏத்தி இங்க கொண்டாந்து விட்டிருக்காங்க... எல்லாரையும்தான். இருபத்திரண்டு பேரும் இங்கதான் இருக்கோம்."

டீச்சர் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். சுவரோரம் ஒரு சின்ன மேசை. அதன்மேல் பழைய தொலைபேசி, பெயர் எழுதும் நோட்டு, நரம்பு அறுந்த இரண்டு மட்டைகள். பக்கத்தில் நின்ற பெண் காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஆளுக்கு ஒரு போன், ஐந்து நிமிடம். செல்போன்களைக் காலையில் சட்டசபை வாசலிலேயே வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிட்டார்கள். டீச்சருக்குப் பின்னால் நர்ஸ், நர்ஸுக்குப் பின்னால் ரிட்டயர்டு கண்டக்டர், அப்படியே வரிசை ஆட்டக்களத்தின் வெள்ளைக் கோடு வரை நீண்டிருந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க, அதைச் சொல்லு முதல்ல. சாப்பிட்டாங்களா?... சரி. மாத்திரை?... சரி. பன்னெண்டு மணிக்குக் கண்ணுக்கு மருந்து போட்டியா?... அப்பாடா. என்னைப் பத்திக் கேட்டா ஸ்கூல்ல மீட்டிங்னு சொல்லு... பொய்தான். இந்த ஒரு பொய் பரவால்ல. நீ லீவு போட்டு அம்மாகூட இருக்கேன்னு சொன்னியே, அந்தத் தைரியத்துலதான்டா நான் கிளம்பினதே."

பெரிய வீரச்செயல் எதற்கும் அவர்கள் கிளம்பவில்லை. இருபத்தைந்து பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும் பள்ளிகளையெல்லாம் இழுத்து மூடும் மசோதா, இன்றைய சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருந்தது. இன்று அறிமுகம், நாளை வாக்கெடுப்பு. டீச்சரின் பள்ளியில் பிள்ளைகள் பதினேழு பேர். ஏழாவதைப் படிக்கும்போது பார்வையாளர் மாடத்தில் இருபத்திரண்டு பேர் எழுந்து நிற்பது, கைது செய்தால் வாயைத் திறக்காமல் கூடப் போவது, இதுதான் திட்டம். மாடத்தில் எழுந்து நின்றாலே சபை விதிப்படி குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்யத்தான் போனார்கள்.

"பிளான் பாழாப் போச்சுடா. ஏழாவது வரைக்கும் எங்க விட்டாங்க? நாலாவது நடக்கறப்பவே சபைக் காவலருங்க திமுதிமுன்னு மேல ஏறி வந்துட்டாங்க. கையில ஒரு பேப்பர்... ஆமா, பேப்பர்! என் கண்ணால பாத்தேன். அதைப் பாத்துப் பாத்து, மூணாவது வரிசை ஓரம், அஞ்சாவது வரிசை நடுவுலன்னு போய் ஆளுங்களத் தூக்கறாங்க... அதான்டா கூத்து, எங்களை இல்ல! நாங்க இடது பக்கம் உக்காந்திருக்கோம், அவங்க வலது பக்கம் போய்த் தூக்கறாங்க. மூணாவது வரிசை ஓரத்துல யாரு? ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருத்தரோட மாமனார்! மாப்பிள்ளை முதமுதலா சபையில பேசப் போறார்னு புதுச் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கார் மனுஷன். அவரைக் குண்டுக்கட்டா... சிரிக்காதடா. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம் பாத்தா பெரியவருக்கு மணிக்கட்டு பிசகிப் போச்சு. மேல இருந்து மாமனார் கத்தறார், கீழ இருந்து மாப்பிள்ளை கத்தறார். நமக்கு விழ வேண்டியது இன்னொருத்தருக்கு விழறதைப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்க முடியுமா, சொல்லு? 'ஐயா, அவரை விடுங்க, நீங்க தேடறது எங்களை'ன்னு நாந்தான் முதல்ல எந்திரிச்சேன். எல்லாரும் எந்திரிச்சோம்... ஆமா, நாலாவதுலயே. ஏழாவது வந்தப்போ நாங்க வேன்ல இருந்தோம். ரெண்டே நிமிஷத்துல முடிச்சுட்டாங்களாம். மேல காலி நாற்காலிங்கதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்."

நர்ஸ் தோளில் கை வைத்தாள். டீச்சர் திரும்பாமலே அந்தக் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"இரும்மா, ஒரே நிமிஷம்... உன்னை இல்லடா, நர்ஸை. தம்பி, கேளு. யாரோ உள்ளேருந்தே சொல்லிக் குடுத்திருக்காங்க... ஆமா, எங்கள்லயே. வேற எப்படி அந்தப் பேப்பர்? இங்க எல்லாரும் டெய்லரைத்தான் சொல்றாங்க... அவரேதான், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை. போலீஸ் யூனிஃபார்ம் முக்காவாசி அவர்தானே தைக்கறார்? நாங்க வந்து இறங்கினதும் இறங்காததுமா இன்ஸ்பெக்டர் அவரைப் பாத்து, 'என்ன மாஸ்டர், நீங்களுமா? அப்போ என் பேண்ட் இன்னைக்கும் கெடைக்காதா?'ன்னு கேட்டுட்டார். போதாதா? கண்டக்டர் பிடிச்சுக்கிட்டார். 'யாருக்கெல்லாம் எங்க அளவை எடுத்துக் குடுத்தே'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டார். அவர் வாயே திறக்கல... நானா? நானும் ஒரு வார்த்தை விட்டுட்டேன். 'வெட்டறதுக்கு முன்னாடி எங்க முகத்தை நெனச்சுப் பாத்திருக்கலாம் மாஸ்டர்'னேன். மனுஷன் எந்திரிச்சு வலைக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டார்."

அரங்கத்தின் நடுவே வலை கட்டியே இருந்தது. இந்தப் பக்கம் இருபத்தோரு பேர். அந்தப் பக்கம் டெய்லர் மட்டும், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய ஸ்கோர் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். போன் வரிசைக்குக்கூட அவர் வரவில்லை.

"உனக்கும் அப்படித்தான் தோணுதா?... ஆமா... ஆமா, போலீஸ்கூடப் பழக்கம்தான்... ஸ்டேஷன் வாசல்ல நின்னு பேசிக்கிட்டு இருந்தாரா? நீ பாத்தியா? எப்ப?... போன வாரமா. இதை ஏன் என்கிட்ட சொல்லல?... ஹ்ம். என்ன பண்றது, யாரை நம்பறதுன்னே தெரியல. இங்க பாதிப் பேரு, நாளைக்கு ஒண்ணும் வேணாம், விட்டுடலாம்னு சொல்ல ஆரம்பிச்சாச்சு. டெய்லரை என்ன பண்றது, நாளைக்கு உக்காரறதா வேணாமா, நீங்களே முடிவு சொல்லுங்கன்னு என் தலையில கட்டியிருக்காங்க. இந்தப் போனை வெச்சதும் சொல்லணும்... நாளைக்கா? வாக்கெடுப்புல்ல. ரெண்டாவது குழு வாசல் படியில உக்காரணும். வழியை மறிக்கக் கூடாது, உக்காரணும், அவ்ளோதான்... பத்தொன்பது பேரு... யார் யாருன்னா, எதுக்குடா?... ஓ. போன் பண்ணி உஷார்படுத்தவா? அதுவும் நல்லதுதான். லிஸ்ட்டு பீரோவுல இருக்கு. கீழ் தட்டு, என் வருகைப் பதிவேட்டுக்குள்ள மடிச்சு... அங்க என்ன சத்தம்? அம்மாவா கூப்பிடறாங்க?... கண்ணு எரியுதா? எந்தக் கண்ணு?"

பெண் காவலர் மறுபடியும் கடிகாரத்தைத் தட்டினார். டீச்சர் அவரைப் பார்த்து, 'அம்மா' என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினாள். காவலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலது கண்ணா? வலது ஏன் எரியணும்? நீல மூடி மருந்து இடது கண்ணுக்குத்தானே... இடதுலதான் போட்டியா? யாரோட இடதுல?... எப்படி நின்னு போட்டே? எதிர்ல நின்னுக்கிட்டா? உன் இடது கைப் பக்கம் இருந்த கண்ணுலயா? அடப்பாவி! எதிர்ல நின்னா உனக்கு இடதுடா, அம்மாவுக்கு அது வலது... சரி, சரி, திட்டல. சுத்தமான தண்ணியில கழுவி விடு, சரியாப் போயிடும். உன்னை என்ன சொல்றது, நானும் செவ்வாய்க்கிழமை இதே தப்பைத்தானே பண்ணினேன், அந்தப் படத்துல இடது வலது..."

பேச்சு அங்கேயே நின்றது.

இருபத்தாறு வருடம் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தே நின்ற உடம்பு. பரீட்சைக்கு உட்கார வைக்கும் படமானாலும் சரி, பள்ளி விழாவுக்கு நாற்காலி போடும் படமானாலும் சரி, டீச்சர் எதிரே நின்று பார்ப்பதுபோலத்தான் வரைவாள். கை வேறு மாதிரி வராது. மாடத்தில் யார் எங்கே உட்காருவது என்று செவ்வாய்க்கிழமை வரைந்ததும் அப்படித்தான். ஆனால் மாடத்தின் கதவு பின்பக்கம். உள்ளே நுழைகிறவனுக்குப் படத்தின் இடது வலதாகிவிடும். புதன்கிழமை வகுப்பறையில் நாற்காலி போட்டு ஒத்திகை பார்த்தபோது அதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் டெய்லர். எதிரே நிற்கிறவரை அளவெடுத்தே பழகியவருக்கு அது சட்டென்று தெரிந்துவிட்டது. எல்லாருடைய தாளையும் வாங்கி டீச்சரே கிழித்தாள். சரியான இடங்களைச் சாக்பீஸால் பலகையில் போட்டுக் காட்டி, உடனே அழித்தும்விட்டாள்.

சபைக் காவலர்கள் போனது வலது பக்கம். அவர்கள் கையில் இருந்தது செவ்வாய்க்கிழமைப் படம்.

"...இல்ல, லைன்லதான் இருக்கேன். தம்பி, பதிவேட்டை எடுத்துட்டியா?... இன்னும் இல்லையா. எடுக்காத. அப்படியே நில்லு. ஒண்ணு கேக்கணும்... இல்ல, இப்பவே கேக்கணும். செவ்வாய்க்கிழமை உன் ஆபீஸ்ல அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தியே, எத்தனை எடுத்தே?... இருபத்திரண்டு. ஆமா, நான் இருபத்திரண்டுதான் கேட்டேன். எல்லாத்தையும் புதன்கிழமை நானே கிழிச்சுட்டேன். நான் வரைஞ்ச அசலையும் சேத்துத்தான்... தப்பாப் போட்டிருந்தேன்டா, இடம் வலமா. டெய்லர்தான் கண்டுபிடிச்சார். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்... ஆமா. மறந்துதான் போச்சு."

குரலில் கோபம் இல்லை. வகுப்பில் தொலைந்த பென்சிலைப் பற்றி விசாரிக்கும்போது எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள். எடுத்த பிள்ளை தானாகவே சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு கேட்கும் குரல் அது.

"நீ எப்பவும் முதல் தாளு கறுப்பா விழும்னு ஒண்ணு கூடுதலா எடுப்பேல்ல? அதை என்ன பண்ணினே?... குப்பைக் கூடையில போட்டியா? நிச்சயமா?... அங்கேருந்து யாராவது எடுத்திருப்பாங்களா. இருக்கும்... இருக்கும்."

ஒரு கணம் டீச்சர் அதையே பிடித்துக்கொண்டாள். குப்பைக் கூடை. எவ்வளவு நல்ல வார்த்தை! கூட்டிப் பெருக்குகிறவர் எடுத்திருப்பார், யார் கைக்கோ போயிருக்கும், வீட்டில் எல்லாம் பழையபடியே இருக்கும். ஆனால் அந்தப் படத்தை வரைந்த கைக்கு, அதில் என்ன இருந்தது என்று நன்றாகத் தெரியும்.

"தம்பி... அந்தத் தாள்ல தலைப்பு கிடையாது. பேரு கிடையாது. தேதி கிடையாது. வெறும் கட்டம், அதுல இருபத்திரண்டு பெருக்கல் குறி. குப்பையில எடுத்துப் பாக்கறவன், பரீட்சைக்குப் பிள்ளைங்களை உக்கார வெக்கற படம்னுதான் நெனப்பான். அது சபை மாடம்னு வெளியில தெரிஞ்சது ஒருத்தருக்குத்தான். 'இது என்ன படம்க்கா?'ன்னு நீ கேட்டே. உன்கிட்ட மட்டும்தான்டா நான் சொன்னேன்."

கம்பிக்கு அந்தப் பக்கம் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் போடணும், எண்ணெய் போடணும் என்று மூன்று மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும் கதவு.

"பீரோவை மூடு... மூடுன்னு சொன்னேன். சத்தம் எனக்குத் தெரியாதா?... அழாத. அழுதா எனக்கு ஒண்ணும் புரியல. யாரு கேட்டது?... உங்க செக்‌ஷன் அதிகாரியா? அவருக்கு எப்படித் தெரியும், நீ என் தம்பின்னு?... சரி... சரி... நிரந்தரமாக்கறேன்னு சொன்னாரா... ஆமா, ஒன்பது வருஷம். எனக்குத் தெரியாதா? அந்த டெம்பரரி வேலைக்கே எத்தனை படி ஏறி இறங்கினேன்னு எனக்குத் தெரியாதா?... வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவோம், கேஸு கூட இருக்காதுன்னு சொன்னாங்களா. நீ நம்பிட்டே... எனக்காகவா? என்னைக் காப்பாத்தவா?"

இப்போதுதான் குரல் உயர்ந்தது. வரிசையில் சலசலத்துக்கொண்டிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரிடா. படத்தைக் குடுத்தது என்னைக் காப்பாத்தன்னே வெச்சுக்குவோம். அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் டெய்லரைச் சொன்னப்போ 'ஆமா ஆமா'ன்னியே, அது யாரைக் காப்பாத்த? ஸ்டேஷன் வாசல்ல நின்னு பேசினார்னு கூடவே ஒரு கதையும் கட்டினியே, அது யாருக்காக?... பேசு. இப்ப மட்டும் ஏன் வாய் ஒட்டிக்கிச்சு?... அப்புறம் லிஸ்ட்டு. பாவம், உஷார்படுத்தணும்னு கேட்டே. எத்தனை மணிக்குள்ள கொண்டு வரச் சொன்னாங்க?... அஞ்சா."

நர்ஸ் அவள் முதுகில் கை வைத்தாள். இந்த முறை அது அவசரப்படுத்தும் கையாக இல்லை.

அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து அவன் கையெழுத்தைத் திருத்தியவள் அவள். காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். பொய் சொன்னால் அவன் மூச்சு எப்படி மாறும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் அது மாறித்தான் இருந்தது. 'ஆமா ஆமா' என்று அவன் சொன்னபோதே மாறியிருந்தது. காதில் விழுந்தும் கேட்டுக்கொள்ளாமல் இருந்தது அவள்தான்.

"நான் சொல்றதைக் கேளு. குறுக்கே பேசாத. அந்தப் பத்தொன்பது பேரும் பேரை உன்னை நம்பிக் குடுக்கல, என்னை நம்பிக் குடுத்தாங்க. அதனால எடுக்காத. எடுத்தாலும் இங்கேருந்து நான் தடுக்க முடியாது. சாவி உன்கிட்டதான் இருக்கு, நாந்தான் குடுத்தேன். ஆனா ஒண்ணு. புதன்கிழமையே டெய்லர் சொன்னார், 'ஒளிச்சு மறைச்சுப் பண்ண இது என்ன திருட்டா டீச்சர்? நாமளே பேரை எழுதி வாசல்ல குடுத்துட்டுப் போய் நிப்போம்'னு. நாந்தான் கேக்கல. பெரிய கெட்டிக்காரி மாதிரி படம் வரைஞ்சேன். இப்ப கேக்கறேன். நாளைக்கு வர்றவங்க சரின்னா, அவங்க பேரை அவங்களே எழுதிக் குடுப்பாங்க. முதல் பேரு என்னோடது. இன்னைக்கு விட்டுட்டாங்கன்னா நாளைக்கு நானும் படியிலதான் உக்காருவேன். அதை வேணா நீ இப்பவே போய்ச் சொல்லு. அக்கா பேரு ஒண்ணுக்கு நிரந்தரம் பண்ணுவாங்களான்னு கேட்டுப் பாரு... இல்ல, குத்திக் காட்டல. குத்தினா வலிக்கறது எனக்குத்தான்."

வலைக்கு அந்தப் பக்கம் டெய்லர் தலையைத் திருப்பியிருந்தார். தன் பெயர் அடிபடுகிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னா எப்படிடா? இங்க ஒரு மனுஷன் நீ பண்ணின காரியத்துக்குத் தனியா உக்காந்திருக்கார். என் வாயாலயும் ஒண்ணு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கார்... வெக்கமா இருக்கா? எனக்கும்தான். உன்னைவிட அதிகமாவே இருக்கு. அதுக்காக அவர் தலையில போட்டுட்டு நான் வீட்டுக்கு வர முடியுமா?"

டீச்சர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் முகத்தை மட்டும் அரங்கத்துப் பக்கம் திருப்பினாள். பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல் அது. கூரைத் தகடுவரை போய் மோதியது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! காட்டிக் குடுத்தது டெய்லர் இல்ல. என் தம்பி. என் கூடப் பிறந்த தம்பி... ஆமா, கண்டக்டர் அண்ணே, போன்ல இருக்கறவன்தான். படம் போனது என் வீட்டுலேருந்து. யாரையாவது கேள்வி கேக்கணும்னா என்னைக் கேளுங்க. மாஸ்டர், உங்க கால்ல விழுந்தாலும் நான் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது. மன்னிச்சுக்கங்க. நாளைக்கு உக்காரறோம். நீங்க சொன்ன மாதிரி, பேரை எழுதிக் குடுத்துட்டு உக்காரறோம்!"

கண்டக்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, சட்டைப் பையில் எதையோ தேடினார். அதில் டோக்கனைத் தவிர ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் டோக்கனுக்குக் கொடுத்தாயிற்று.

டீச்சர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்துவிட்டது.

"கேட்டியா?... இருக்கியா?... வெச்சுடாத, ஒரே ஒரு விஷயம். நாலு மணிக்கு அம்மாவுக்கு மறுபடியும் மருந்து. நீதான் போடணும், அங்க வேற யாரு இருக்காங்க?... அம்மாகிட்ட எதையும் சொல்லாத, நானும் சொல்லப் போறதில்ல. நீல மூடி. ஒரே சொட்டு. அம்மாவுக்கு எதிர்ல நிக்காதடா. நாற்காலிக்குப் பின்னால நின்னு, தலையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போடு. அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே இட... ஹலோ?... ஹலோ? தம்பி?"

லைன் போய்விட்டது. அவனே வைத்தானா, அதுவாக அறுந்ததா தெரியவில்லை. கடைசியாகச் சொன்னது காதில் விழுந்ததா என்பதும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. பெண் காவலர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

டீச்சர் ரிசீவரை நர்ஸ் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் களத்தின் நடுவுக்குப் போனாள். சுற்றிக்கொண்டு போக வழி இருந்தது. அவள் குனிந்து, வலைக்கு அடியிலேயே நுழைந்து அந்தப் பக்கம் போனாள்.